‘முசியே லஸார்’ படத்தை விமர்சகர்கள் ஏன் கொண்டாடினார்கள், நான் எங்கே ஒத்துப்போகவில்லை

கேள்வி இதுதான்: கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து 2011-ல் வந்த ‘முசியே லஸார்’ படத்தைப் பார்த்தேன். ஆசிரியை இறந்துபோன ஒரு வகுப்புக்குப் புது வாத்தியார் வருகிறார், பிள்ளைகள் மெல்லத் தேறுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்கர் பரிந்துரை வரை போகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? விமர்சகர்கள் எல்லாரும் ஒரே குரலில் பாராட்டியது ஏன்? எதிர்த்து யாருமே எழுதவில்லையா?

எழுதினார்கள், குறைவாக. அந்தக் குறைவான பேர் சொன்னதில் பாதி சரி என்பது என் எண்ணம். பாராட்டியவர்கள் சொன்னதிலும் பாதிதான் சரி. படத்தின் நடு நரம்பு என்று எனக்குப் படுகிற ஒன்றை இரண்டு தரப்புமே அவசரமாகத் தாண்டிப் போனதாகத் தோன்றுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். படத்தின் முடிவையும் பேசாமல் பதில் சொல்ல முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், 94 நிமிடம்தான்.

முதலில் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தால் மான்சியர் என்று வரும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம்முடைய ‘திரு’ போன்ற பிரெஞ்சு மரியாதைச் சொல் அது; புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு பழகிய காலத்திலிருந்தே ‘முசியே’ என்றுதான் சொல்லிவந்திருக்கிறார்கள். நமக்கென்று ஒரு சொல் இருக்கும்போது அதையே வைத்துக்கொள்கிறேன்.

கதை மொன்ட்ரியாலில் ஒரு தொடக்கப் பள்ளியில் நடக்கிறது. பனிக்காலம், வியாழக்கிழமை. வகுப்புக்குப் பால் பாக்கெட்டுகளை எடுத்துவரும் முறை அன்று சீமோன் என்ற பையனுடையது. மற்ற பிள்ளைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் பாலை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குப் போகிறான், கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறான். அவனுடைய ஆசிரியை மார்ட்டின் லாஷான்ஸ் வகுப்பறைக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார். சீமோன் ஓடுகிறான். கேமரா மட்டும் காலியான நடைபாதையிலேயே நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மைதானத்திலிருந்து திரும்பிவரும் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது, ஆசிரியைகள் அவர்களைத் தடுத்து வெளியே ஓட்டுகிறார்கள். அந்தக் கலவரத்தில் அலீஸ் என்ற சிறுமியும் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிடுகிறாள். வகுப்பில் பார்த்தவர்கள் இந்த இரண்டு பேர் மட்டுமே.

பள்ளி தன்னால் ஆனதைச் செய்கிறது. சுவருக்குப் புது வண்ணம் அடிக்கிறார்கள், ஆலோசகரை வரவழைக்கிறார்கள். மாற்று ஆசிரியர் கிடைக்காமல் தலைமையாசிரியை திண்டாடும்போது, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தானாக வந்து நிற்கிறார். பெயர் பஷீர் லஸார். செய்தித்தாளில் படித்தேன், அல்ஜீரியாவில் 19 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன் என்கிறார். அது பொய். ஆசிரியையாக இருந்தது அவர் மனைவி. அவரோ உணவகம் நடத்தியவர். மனைவியும் பிள்ளைகளும் அல்ஜியர்ஸில், நாட்டை விட்டுக் கிளம்பவேண்டிய நாளுக்கு முந்தைய இரவில், தீ வைக்கப்பட்டு இறந்துபோனார்கள். இவர் இப்போது அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறார். பள்ளியில் யாருக்கும் இது தெரியாது.

இதை ஃபிலிப் ஃபலார்தோ இயக்கினார். எவ்லின் த லா ஷெனெலியேர் எழுதிய ஒரு மேடை நாடகம்தான் மூலம். அந்த நாடகத்தில் ஒரே ஒரு பாத்திரம்: பஷீர். பிள்ளைகள் யாரும் மேடைக்கு வரமாட்டார்கள், அவர் பேசுவதிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொண்டால் படத்தைப் பற்றி நிறையப் புரியும். அலீஸின் முகம், சீமோனின் முறைப்பு, வகுப்பின் சலசலப்பு, இவை எல்லாவற்றுக்கும் படத்தில்தான் உடம்பும் குரலும் வந்தன. நாடகாசிரியையும் படத்தில் நடித்திருக்கிறார், அலீஸின் அம்மாவாக. விமான ஓட்டி வேலையால் வீட்டில் அதிகம் தங்க முடியாத அம்மா.

சரி, பாராட்டுக்கு வருவோம். 2011 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் திறந்தவெளித் திரையிடலில் காட்டினார்கள், பார்வையாளர் விருது கிடைத்தது. அடுத்த மாதம் டொரொன்டோ விழாவில் சிறந்த கனடியப் படம். 2012 பிப்ரவரியில் ஆஸ்கரின் பிறமொழிப் படப் பிரிவில் கடைசி ஐந்தில் ஒன்று. அதற்கு அடுத்த மாதம் கனடாவின் ஜெனி விருதுகளில் சிறந்த படம், இயக்குநர், தழுவல் திரைக்கதை, நடிகர், துணை நடிகை, படத்தொகுப்பு என்று ஆறு. விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் சாதகமான விமர்சனங்கள் 95 சதவீதத்துக்கு மேல். பொதுமக்களுக்கும் விமர்சகர்களுக்கும் ஒரே படம் பிடித்துப்போவது அடிக்கடி நடப்பதில்லை. படம் ரொம்ப மென்மையானதோ என்ற சந்தேகம் சிலருக்கு வந்ததற்கு அந்த ஒற்றுமையே ஒரு காரணம்.

பாராட்டுகளில் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘அடக்கம்’. அழவைக்க அத்தனை வாய்ப்பு இருந்தும் படம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றார்கள். உண்மைதான். ஆனால் ‘அடக்கம்’ என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு காட்சியில் காட்டுகிறேன்.

அலீஸ் வகுப்பின் முன்னால் நின்று தன் பள்ளியைப் பற்றி எழுதியதை வாசிக்கிறாள். ஆரம்பம் எந்த மாணவியும் எழுதக்கூடிய கட்டுரை: என் பள்ளி அழகான பள்ளி, இப்படி இருக்கும், அப்படி இருக்கும். அதே வாசிப்புக் குரலில், ஏற்ற இறக்கம் மாறாமல், மார்ட்டின் டீச்சர் இங்கேதான் இறந்தார் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறாள். நாங்கள் முரட்டுத்தனம் செய்தால் தண்டனை உண்டு, டீச்சர் செய்ததும் முரட்டுத்தனம்தானே, ஆனால் அவருக்குத் தண்டனை கொடுக்க முடியாது, அவர் இறந்துவிட்டார் என்கிற பொருளில் வாசித்து முடிக்கிறாள். யாரும் விம்மவில்லை. வகுப்பு உறைந்துபோயிருக்கிறது. சோஃபி நெலிஸ் என்ற அந்தச் சிறுமிக்கு அப்போது பத்து, பதினொரு வயது. எழுதியதை வாசிக்கும் பிள்ளையின் தட்டையான குரலைக் கடைசிவரை விடாமல் பிடித்திருக்கிறாள். பெரிய நடிகர்கள் தடுமாறும் இடம் இது. கட்டுரை என்ற வடிவம்தான் அவளுக்குக் கிடைத்த மறைப்பு. நேரடியாகச் சொல்ல முடியாததைப் பாடத்துக்குள் வைத்துச் சொல்கிறாள். பஷீர் அதைப் பள்ளி முழுக்கக் கொடுக்கலாம் என்கிறார், தலைமையாசிரியை மறுத்துவிடுகிறார். கட்டுரை வன்முறையாக இருக்கிறதாம்.

விமர்சகர்கள் அநேகமாக எல்லாரும் இந்தக் காட்சியைத் தொட்டுத்தான் எழுதினார்கள். நியாயம். இதற்கு இணையாக நான் வைப்பது இன்னொன்று. கீழே எங்கோ பள்ளி விழாவின் இசை கேட்கிறது. தன் வகுப்பறையில் தனியாக இருக்கும் பஷீரின் உடம்பு தன்னை அறியாமல் அந்தத் தாளத்துக்கு அசைந்து, அவருடைய ஊர் ஆட்டமாக மாறுகிறது. கொஞ்ச நேரம்தான். இழந்த வீட்டைப் பற்றி அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை, இதுதான் அவர் சொன்னது.

இப்போது எதிர்த்தரப்பு. அவர்கள் சொன்ன குறைகள் மூன்று திசையில் போகின்றன.

ஒன்று, கச்சிதம் கூடிப்போயிற்று என்பது. வகுப்புக்கு ஒரு துக்கம், வாத்தியாருக்கு ஒரு துக்கம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்த மாதிரி பொருந்துகின்றன. பெயர்களைப் பாருங்கள்: பஷீர் என்றால் அரபியில் நற்செய்தி கொண்டுவருபவர். லஸார் என்பதில் அதிர்ஷ்டம் என்ற பொருள் இருக்கிறது. இறந்த ஆசிரியையின் குடும்பப் பெயர் லாஷான்ஸ், பிரெஞ்சில் அதுவும் அதிர்ஷ்டம்தான். இவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கிறார்கள். 2008-ல் கான் விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப்பனையை வாங்கிய ‘வகுப்பறைச் சுவர்களுக்குள்’ என்ற பிரெஞ்சுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் துலங்கும். அதில் ஆசிரியராக நடித்தவர் உண்மையிலேயே ஆசிரியராக இருந்தவர். வகுப்பு எந்த நேரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘முசியே லஸார்’ அப்படிப்பட்ட படம் இல்லை. இங்கே ஒவ்வொரு காட்சியும் எதற்காக வந்தது என்று யோசித்தால் தெரிந்துவிடும். இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடகத்திலிருந்து வந்த படம், நாடகத்தின் எலும்பு தெரியத்தான் செய்யும்.

இரண்டாவது, நம்பும்படி இல்லை என்பது. சான்றிதழைச் சரிபார்க்காமல் ஒரு பள்ளி எப்படி ஆளை வேலைக்கு எடுக்கும்? பட்டென்று சொன்னால், எடுக்காது. தலைமையாசிரியை அன்றைக்கு எவ்வளவு அல்லாடியிருந்தாலும் எடுக்கமாட்டார். இதற்குப் படத்திடம் பதில் இல்லை, அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. சக ஆசிரியை கிளேர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதும், அங்கே ஒரு உறவு துளிர்க்கப் பார்ப்பதும், பிறகு அப்படியே விட்டுவிடுவதும் இந்த வகைதான். அந்த நூலை இழுத்திருக்கவே வேண்டாம்.

மூன்றாவதுதான் கனமானது. பள்ளியில் யாரும் பிள்ளைகளைத் தொடக்கூடாது என்ற விதி படம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறது. அடிக்கக்கூடாது என்பது மட்டுமல்ல, அணைக்கவும் கூடாது. அணுக்கழிவைக் கையாளுவது போலப் பிள்ளைகளைக் கையாள வேண்டியிருக்கிறது என்று உடற்பயிற்சி ஆசிரியர் அலுத்துக்கொள்கிறார். மார்ட்டினுக்கும் சீமோனுக்கும் நடுவில் நடந்ததும் இதுதான். தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அழுத பையனை அவர் அணைத்துக்கொண்டார். அவனோ டீச்சர் முத்தம் கொடுத்தார் என்று வெளியே சொல்லிவிட்டான். அதனால்தான் இறந்தாரா என்று கேட்டால் படம் பதில் சொல்லாது. சொல்லாமல் விட்டது பெரிய கண்ணியம். ஆனாலும் அன்று பால் எடுத்துவரும் முறை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதைச் சீமோனும் நினைக்கிறான், அலீஸும் நினைக்கிறாள், நாமும் நினைக்கிறோம்.

இங்கே எனக்கு ஒரு உறுத்தல். ‘தொடாதே’ என்ற விதியைப் படம் பெரும்பாலும் ஒரு மூடத்தனமாகவே காட்டுகிறது. அந்த விதி எங்கிருந்து வந்தது, எந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டினால் வந்தது என்பதைச் சொல்ல ஒரு குரல்கூட படத்தில் இல்லை. அந்த இடத்தில் நிற்கவேண்டிய தலைமையாசிரியையும் பயந்த நிர்வாகியாகச் சுருங்கிவிடுகிறார். இதைச் சொல்லும்போது ஒரு தகவல் ஞாபகம் வராமல் போகாது. கியூபெக் சினிமாவின் பெரிய விருதுக்கு அப்போது பெயர் ஜூத்ரா விருது, குலோத் ஜூத்ரா என்ற மதிப்புக்குரிய இயக்குநரின் நினைவாக. 2012-ல் சிறந்த படத்துக்கான ஜூத்ரா ‘முசியே லஸா’ருக்குத்தான் போயிற்று. நான்கு வருடம் கழித்து, 2016-ல், அந்த இயக்குநர் சிறுவர்களைப் பாலியல் துன்பத்துக்கு ஆளாக்கியதாக ஒரு வாழ்க்கை வரலாற்று நூல் எழுதியது. பாதிக்கப்பட்டவர்கள் பேசத் தொடங்கியதும் ஒரு வாரத்துக்குள் விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். படத்தின் மீது இதில் எந்தப் பழியும் இல்லை. ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளைத் தொடுவது பற்றிய ஒரு படம் அந்தப் பெயர் பொறித்த விருதை வாங்கியிருக்கிறது என்பதை அறிந்தபின், விதியைக் கேலி செய்யும் காட்சிகளில் முன்போல் சிரிக்க முடிவதில்லை. பஷீரும் சும்மா இல்லை. ஒருநாள் கோபத்தில் சீமோனின் பின்மண்டையில் தட்டிவிடுகிறார். அவர் ஊரில் அது சாதாரணம், நம் ஊரிலும் சாதாரணமாகத்தான் இருந்தது. தலைமையாசிரியை கண்டிக்கிறார். அந்த இடத்தில் நான் தலைமையாசிரியை பக்கம்.

அப்புறம், இதை ‘மனதைத் தொடும் வாத்தியார் படம்’ என்று வகைப்படுத்தியவர்களோடு எனக்கு ஒரு சண்டை. நீங்களும் கேள்வியில் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைப் படங்களில் வருகிறவர் பழைய முறையை உடைப்பார். மேசை மேல் ஏறுவார், புத்தகத்தைக் கிழிக்கச் சொல்வார், பாட்டுப் பாடுவார். பஷீர் செய்வது நேர் எதிர். பிள்ளைகள் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் வந்ததும் பெஞ்சுகளை நேர்வரிசையில் போடச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு நாவலாசிரியர் பால்ஸாக்கிலிருந்து சொல்வதெழுதுதல் வைக்கிறார். பிள்ளைகள் முழிக்கிறார்கள், அவர்களுக்கு அது இருநூறு வருடத்துப் பழைய மொழி. இலக்கணத்தில் அவர் படித்த காலத்துப் பெயர்களே இப்போது மாறிவிட்டன. நவீனப் பள்ளிக்குள் ஒரு பழைய பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறார். அதுவும் அவருடையதல்ல, மனைவியிடமிருந்து கடன் வாங்கியது. வகுப்பில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் தன் மனைவியாக நடித்துக்கொண்டிருக்கிறார். ஆள்மாறாட்டம் என்று பார்த்தால் குற்றம், வேறு கோணத்தில் பார்த்தால் திதி கொடுப்பது போல ஒன்று. இதைப் பற்றி விமர்சனங்களில் நான் அதிகம் படிக்கவில்லை. அந்த வருடம் ஆஸ்கரை வென்ற ஈரானியப் படம் ‘ஒரு பிரிவு’ம் ஒரு பொய்யைச் சுற்றித்தான் போகிறது. அதில் பொய் எல்லாரையும் கிழித்துப்போடும். இதில் பொய்தான் ஒரு மனிதனை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அந்தப் படம் ஜெயித்தது சரி என்றே நினைக்கிறேன்.

அல்ஜீரியப் பகுதி போதவில்லை என்று சிலர் எழுதினார்கள். பின்னணியைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 1992 ஜனவரியில் அல்ஜீரியாவில் ராணுவம் தேர்தலை நடுவில் நிறுத்தியது. அடுத்த பத்து வருடம் அங்கே ரத்த ஆறு. ஆயுதக் குழுக்களும் அரசும் மோதியதில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், கலைஞர்கள் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள். பிறகு 1999-ல் ஒரு சட்டம், 2005-ல் பொதுவாக்கெடுப்புடன் ஒரு நல்லிணக்க சாசனம். நடந்தது நடந்துவிட்டது, மன்னித்து மறப்போம் என்பது அதன் சாரம். பஷீரின் மனைவி இந்த மன்னிப்பை எதிர்த்துப் புத்தகம் எழுதியவர். அதற்காகத்தான் வீடு எரிந்தது.

இது தெரிந்தால் பள்ளியில் நடப்பதன் பொருளே மாறுகிறது. சுவருக்கு வண்ணம் அடித்தாயிற்று, ஆலோசகர் வந்து போயாயிற்று, இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பள்ளி சொல்வதும், சாசனம் போட்டாயிற்று, இனி பேச வேண்டாம் என்று ஒரு நாடு சொல்வதும் அவர் காதில் ஒரே வாக்கியமாக விழுகின்றன. படம் இந்த இணைப்பை வாய்விட்டுச் சொல்லவில்லை. அகதி விசாரணைக் காட்சிகளைக் குறுக்கே போட்டுவிட்டு விலகிக்கொள்கிறது. போதவில்லை என்றவர்கள் இன்னும் கொஞ்சம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், எனக்கு இந்த அளவே போதும். பஷீராக நடித்த ஃபெல்லாக் அல்ஜீரியாவின் கபீலியப் பகுதியில் பிறந்த மேடை நகைச்சுவைக் கலைஞர். 1995-ல் அவருடைய நிகழ்ச்சி நடந்த அரங்கில் குண்டு வெடித்தது, பிறகு நாட்டை விட்டுப் போனார். ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்துப் பழகிய முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த விசாரணை அறையில் அவருடைய மரியாதையான புன்னகைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கனடாவில் அகதி கேஸ் போட்டு விசாரணைக்குப் போன எத்தனையோ ஈழத்தமிழர்களுக்கு அந்த அறையை நான் விவரிக்க வேண்டியதில்லை. நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லு, காகிதம் காட்டு, உன் ஊர்தான் இப்போது சரியாகிவிட்டதே என்பார்கள். பஷீரிடமும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்கிறார்கள்.

கியூபெக் விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும், வெளியூர் விமர்சகர்கள் தவறவிட்டது. அங்கே பிரெஞ்சு மொழி சும்மா மொழி இல்லை, நமக்குத் தமிழ் எப்படியோ அப்படி. ஆங்கிலக் கடலுக்கு நடுவில் பிரெஞ்சைக் காப்பாற்ற 1977-ல் சட்டம் போட்டார்கள், குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று. 2007-ல் குடியேறியவர்களின் மத வழக்கங்களுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று பெரிய சர்ச்சை கிளம்பி, அரசு ஒரு ஆணையமே அமைத்தது. அந்தச் சூடு ஆறாத நேரத்தில் வந்த படத்தில் ஒரு அரபுப் பெயர்க்காரர் வருகிறார். மதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வந்ததும் கியூபெக் பிள்ளைகளின் பிரெஞ்சைத் திருத்துகிறார்! அவருடைய பிரெஞ்சு அவர்களுடையதைவிடச் சுத்தம். அந்தச் சுத்தத்துக்கு விலை அல்ஜீரியாவில் பிரான்ஸ் நடத்திய 132 வருட காலனி ஆட்சி. சிரிப்பும் வலியும் ஒன்றாகக் கலந்த இடம் அது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன நடு நரம்பு இருக்கிறது. திருத்துவது. என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை, ஆறாம் வகுப்பு எடுக்கிறாள். படத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் அவள் சொன்ன ஒரே விஷயம்: “இந்த ஆள் நோட்டுத் திருத்துற விதத்தைப் பாரு. பொய் வாத்தியார்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது.” பிறகு அவள் பள்ளிக் கதை ஒன்று சொன்னாள். அப்பா இறந்து பத்து நாள் கழித்து வகுப்புக்கு வந்த ஒரு பையன். எல்லாரும் அவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் எழுதிய கட்டுரையில் மட்டும் அக்கா வழக்கம்போல ஏழு எழுத்துப்பிழைக்கும் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்திருக்கிறாள், ஒற்றுப்பிழை உட்பட. பையன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதுக்கு எதுக்கு சுழி?” என்று சண்டைக்கு வந்தானாம். பத்து நாளில் அவன் யாரிடமும் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

பஷீரிடம் இருக்கும் ஒரே கருவியும் இந்தச் சிவப்பு மைதான். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது, அனுமதியும் இல்லை. ஆலோசகர் வரும்போது அவரையே வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் பெண்ணுக்குப் பாடம் மட்டும் நடத்துங்கள், வளர்ப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெற்றோர் சந்திப்பில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரி, பாடமே நடத்துவோம் என்று அவர் நடத்தும் பாடத்துக்குள்தான் எல்லாம் நடக்கிறது. பிழை என்றால் சுட்டிக்காட்டலாம், அடித்து எழுதலாம், சரியாகிவிடும். வாக்கியத்தில் அது முடியும். மார்ட்டின் விஷயத்தில் முடியாது. சீமோன் சொன்ன பொய்யையும் இனி யாரும் அடித்து எழுத முடியாது. கடைசியில் அந்தப் பையன் வகுப்பு முழுக்கப் பார்க்க உடைந்து, என் தப்பு இல்லை என்று கதறும்போது, பஷீர் விளக்கம் எதுவும் தேடித் தருவதில்லை. அவர் சாவுக்குப் பொருள் தேடாதீர்கள், பொருள் இல்லை என்கிறார். வகுப்பறை என்பது தன் விரக்தியைப் பிள்ளைகள் மேல் இறக்கிவைக்கிற இடம் இல்லை என்று இறந்தவர் மீதான கோபத்தையும் மறைக்காமல் சொல்கிறார். இறந்தவரைக் கோபிக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரே பெரியவர் அவர்தான். இந்தக் காட்சியை ‘உருக்கம்’ என்று எழுதிய விமர்சகர்கள் அதிலிருந்த கடுமையைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

முடிவு. அகதி விண்ணப்பம் ஏற்கப்படுகிறது, ஆனால் ஆசிரியர் இல்லை என்பது அம்பலமாகிவிடுகிறது. இன்றே கிளம்ப வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. மார்ட்டின் சொல்லாமல் போனார், நான் சொல்லிக்கொண்டு போகிறேன், ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறார். வகுப்பில் தானே எழுதிய ஒரு குட்டிக்கதையைக் கொடுக்கிறார், அதில் இருக்கும் பிழைகளைப் பிள்ளைகள் திருத்த வேண்டும். ஒரு மரம், அதன் கிளையில் தொங்கும் ஒரு கூட்டுப்புழு. நாளைக்குப் பட்டாம்பூச்சி ஆகப்போகிறது, இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருக்கட்டுமே என்று மரத்துக்கு உள்ளூர ஆசை. இரவில் காடு பற்றி எரிகிறது. மரம் கருகி நிற்கிறது, புழு இல்லை. தீயில் இழந்த தன் பிள்ளைகளைப் பற்றி முதல் தடவையாக வகுப்பில் அவர் பேசுகிறார், மாணவர்கள் சிவப்புப் பேனாவோடு தவறுகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். இது ரொம்பக் கச்சிதமான உருவகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. கதையை மட்டும் எடுத்துப் படித்தால் அப்படித்தான், பள்ளிப் பத்திரிகைக்கு அனுப்பக்கூடிய கதை. ஆனால் அவர் எழுத்தாளர் இல்லை, உணவகம் நடத்தியவர். சுமாரான கதையாக இருந்தால்தான் அது அவருடையதாக இருக்கும், அதில் பிழையும் இருக்க வேண்டும்.

எல்லாரும் போனபின் அலீஸ் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். இருவரும் அணைத்துக்கொள்கிறார்கள். அங்கேயே படம் முடிகிறது. ஒன்றரை மணி நேரம் கட்டிக்காத்த அடக்கத்தைக் கடைசி நொடியில் உடைத்துவிட்டார்கள் என்று சிலருக்கு வருத்தம், அதற்காகத்தான் அத்தனை நேரம் காத்திருந்தோம் என்று மற்றவர்களுக்குக் கண்ணீர். நானும் அழுதேன், மறைக்கவில்லை. அக்கா அழவில்லை. எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எடுக்க எழுந்தவள், “ஒரே வருஷத்துல ரெண்டு டீச்சர் போயாச்சு. நாளைக்கு காலைல அந்த கிளாஸுக்கு யார் போவாங்க?” என்று கேட்டாள். நான் படித்த எந்த விமர்சனத்திலும் அந்தக் கேள்வி இல்லை.